மையச் சர்வரிலிருந்து அலுவலகக் கணினிகளுக்கு மென்பொருள் நிறுவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு, இருப்பு, சம்பளம், பில் ஆகிய வேலைகளுக்கான மென்பொருள்கள் பல அலுவலகங்களில் இன்றும் மேசைக் கணினியில்தான் ஓடுகின்றன. தரவுத்தளம் சர்வரில் இருக்கும். திரைகளும் அச்சு வடிவங்களும் கணக்கிடும் பகுதியும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். அந்தப் பகுதியை ஓரிடத்திலிருந்து எப்படி நிறுவுவது, எப்படிப் புதுப்பிப்பது, தவறினால் எப்படித் திரும்புவது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். விண்டோஸ் டொமைனில் (பயனர்களையும் கணினிகளையும் மையச் சர்வர் நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) இணைந்த 30 முதல் சில நூறு கணினிகள் வரை உள்ள அலுவலகங்களை மனத்தில் வைத்தே விடைகள் அமைந்துள்ளன.

எங்களிடம் 40 கணினிகள்தான் உள்ளன. ஒவ்வொன்றிலும் நேரில் போய் நிறுவினால் போதாதா?

ஒருவர் ஒரு நாள் உழைத்தால் 40 கணினிகளை முடித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அன்று விடுப்பில் இருந்தவரின் கணினி, பழுதுபார்க்கக் கொடுத்திருந்த கணினி, "இப்போது வேலை இருக்கிறது, அப்புறம் வாருங்கள்" என்றவரின் கணினி ஆகியவை விடுபடும். அடுத்த பதிப்பு வரும்போது வேறு சில விடுபடும். ஓராண்டு கழித்து எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மையத்திலிருந்து நிறுவுவதால் நேரம் மிச்சமாவது சிறிய பயன்; எல்லா இருக்கைகளிலும் ஒரே பதிப்பு இருக்கிறது என்று சொல்ல முடிவதே பெரிய பயன்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறி, 12, 28 விழுக்காட்டு அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 விழுக்காட்டுக்கு நகர்ந்தன. நான் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் பில் மென்பொருளின் புதிய பதிப்பை முந்தைய இரவே கைமுறையாக நிறுவினோம். அணைத்து வைத்திருந்த ஒரே ஒரு கவுண்டர் கணினி விடுபட்டது. மறுநாள் அது பழைய விகிதத்தில் பில் போட்டுக்கொண்டே இருந்ததை நண்பகலில் ஒரு வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்தார். அத்தனை பில்களுக்கும் கிரெடிட் நோட் போட வேண்டியதாயிற்று. வரி விகிதம் தரவுத்தளத்தில் இருந்திருக்க வேண்டும், மென்பொருளுக்குள் எழுதப்பட்டிருந்ததே முதல் தவறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடிக்கடி மாறக்கூடியதைத் தரவுத்தளத்துக்கு நகர்த்தினால் நிறுவ வேண்டிய தடவைகளே குறையும்.

மென்பொருளைச் சர்வரின் பகிர்வுக் கோப்புறையில் வைத்து, எல்லோருக்கும் ஒரு ஷார்ட்கட் கொடுத்துவிடலாமே?

சிறிய மென்பொருளுக்கு இது வேலை செய்யும்; பலர் பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓட்டுகிறார்கள். மூன்று இடங்களில் இது உதைக்கும். ஒருவர் திறந்து வைத்திருக்கும் வரை, நிரலைக் கொண்ட அந்த இஎக்ஸ்இ கோப்பின்மேல் புதியதை எழுத முடியாது. எனவே புதுப்பிக்க வேண்டுமானால் எல்லோரையும் வெளியேறச் சொல்ல வேண்டும். விண்டோஸ் ஒரு நிரலை முழுவதும் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்வதில்லை, தேவைப்படும்போது தேவைப்படும் பக்கங்களைக் கோப்பிலிருந்து எடுக்கிறது. ஆதலால் நெட்வொர்க் ஒரு கணம் அறுந்தாலும் நிரல் பாதியில் விழலாம். விஷுவல் பேசிக் 6 காலத்து மென்பொருளாக இருந்தால், அது நம்பியிருக்கும் ஓசிஎக்ஸ், டிஎல்எல் என்ற துணை நிரல் கோப்புகளை ஒவ்வொரு கணினியின் ரெஜிஸ்ட்ரியிலும் (விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டிலும்) எப்படியும் பதிய வேண்டியிருக்கும்.

இதைவிட நல்ல ஏற்பாடு, ஒரு சிறு தொடக்க நிரலை இடையில் வைப்பது. அது சர்வரில் உள்ள பதிப்பு எண்ணையும் கணினியில் உள்ளதையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் புதிய கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்து, அங்கிருந்தே மென்பொருளைத் திறக்கும். அக்சஸில் எழுதிய மென்பொருள்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இதையே: திரைகள் உள்ள கோப்பு ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனி நகலாகவும், அட்டவணைகள் உள்ள கோப்பு சர்வரிலும் இருக்க வேண்டும்.

குரூப் பாலிசி வழியாக நிறுவுவது எப்படி நடக்கிறது?

டொமைனில் உள்ள கணினிகளுக்கும் பயனர்களுக்கும் அமைப்புகளை மையத்திலிருந்து கொள்கைகளாக விதிப்பதே குரூப் பாலிசி. விண்டோஸ் 2000 வந்த காலத்திலிருந்தே, டொமைனின் பயனர், கணினிப் பட்டியலை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு சேர்ந்து வரும் வசதி இது. தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எம்எஸ்ஐ என்ற வகைக் கோப்பை ஒரு பகிர்வுக் கோப்புறையில் வைத்து, எந்தக் கணினிகளுக்கு அது வேண்டும் என்று ஒரு கொள்கையில் குறிப்பிட்டால், அக்கணினிகள் அடுத்த முறை தொடங்கும்போது தாமாகவே நிறுவிக்கொள்ளும். எம்எஸ்ஐ கோப்பு உள்ளுக்குள் ஒரு சிறு தரவுத்தளம். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், எந்த ரெஜிஸ்ட்ரி பதிவு தேவை என்பவை அதில் அட்டவணைகளாக இருக்கும். பாதியில் தவறினால், செய்த மாற்றங்களைத் திரும்ப எடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே போகும் திறன் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு உண்டு.

மென்பொருளைக் கணினிக்கு ஒதுக்கலாம், பயனருக்கு ஒதுக்கலாம், அல்லது பயனர் விரும்பினால் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டு வைக்கலாம். அலுவலக மென்பொருளுக்குக் கணினிக்கு ஒதுக்குவதே சரி. அப்படி ஒதுக்கியது யாரும் உள்நுழையும் முன்பே, கணினியின் சிஸ்டம் கணக்கில் நிறுவப்படும். எனவே ஊழியருக்கு அட்மின் உரிமை தேவையில்லை. இங்குதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கோப்பைப் படிக்க வருவது ஊழியர் அல்ல, கணினி. ஆகவே கோப்புறையைப் படிக்கும் உரிமை டொமைன் கம்ப்யூட்டர்ஸ் என்ற குழுவுக்கு இருக்க வேண்டும். பகிர்வு உரிமை, கோப்பு உரிமை ஆகிய இரண்டிலும் இருக்க வேண்டும். பாதையும் இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையாக இருக்க வேண்டும். எஸ் டிரைவ், இசட் டிரைவ் என்றெல்லாம் நாம் இணைத்து வைப்பவை பயனர் உள்நுழைந்த பிறகு தோன்றுபவை; கணினி தொடங்கும் நேரத்தில் அவை இருக்காது.

எல்லாம் சரியாகச் செய்தும் சில கணினிகளில் நிறுவப்படவே இல்லை. எங்கே பார்ப்பது?

முதலில் அந்தக் கணினி உண்மையிலேயே ரீஸ்டார்ட் ஆனதா என்று பாருங்கள். விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியால், ஷட் டவுன் செய்து மறுநாள் திறப்பது முழுமையான தொடக்கம் ஆகாது. உறங்கிய நிலையிலிருந்து எழுவதற்கு அது நெருக்கமானது. மாலையில் ஒழுங்காக அணைத்துவிட்டுப் போகும் ஊழியரின் கணினியில்கூட, தொடக்க நேரத்தில் நடக்க வேண்டிய நிறுவல் வாரக்கணக்கில் நடக்காமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நெட்வொர்க் எழும்பும் வரை காத்திராமல் உள்நுழைவுத் திரையைக் காட்டிவிடும் இயல்பு விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே உண்டு. தொடக்கத்தின்போது நெட்வொர்க்குக்காக எப்போதும் காத்திருக்கச் சொல்லும் கொள்கையை இயக்கி வையுங்கள். பிறகு, பெயரை வைத்துச் சர்வரின் முகவரியைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ்: கணினியின் டிஎன்எஸ் முகவரி, டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரை நோக்கியிருக்க வேண்டும். இணையம் வேகமாக வரட்டும் என்று யாரோ அதை வெளியாரின் முகவரிக்கு மாற்றியிருந்தால் டொமைனையே அந்தக் கணினி கண்டுபிடிக்காது. இணைப்பின் வேகம் நொடிக்கு 500 கிலோபிட்டுக்குக் குறைவு என்று விண்டோஸ் கணித்தாலும், இயல்பமைப்பில் மென்பொருள் நிறுவலைத் தவிர்த்துவிடும்.

நிறுவல் தொடங்கித் தோல்வியடைந்தால் பிழை எண்ணைப் பாருங்கள். 3010 என்பது பிழையே அல்ல. நிறுவல் முடிந்தது, ரீஸ்டார்ட் தேவை என்று பொருள். 1618 என்றால் வேறொரு நிறுவல் அப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. 1603 மட்டும் எதையும் விளக்காத பொதுவான எண். அது வந்தால் விரிவான பதிவுக் கோப்பை உருவாக்கச் சொல்லி மறுபடி ஓட்டி, அந்தக் கோப்பில் "ரிட்டர்ன் வேல்யூ 3" என்ற ஆங்கிலச் சொற்றொடரைத் தேடுங்கள்; உண்மையான காரணம் பெரும்பாலும் அதற்குச் சில வரிகள் மேலே இருக்கும்.

விற்றவர் கொடுத்தது எம்எஸ்ஐ அல்ல, இஎக்ஸ்இ செட்டப் கோப்பு. என்ன செய்வது?

குரூப் பாலிசியின் நிறுவல் வசதி இஎக்ஸ்இ கோப்பை இப்படி ஒதுக்க விடாது. முதலில் விற்றவரிடமே எம்எஸ்ஐ கேளுங்கள். சிலர் கேட்டால்தான் கொடுப்பார்கள். சில செட்டப் கோப்புகள் ஓடும்போது உள்ளிருக்கும் எம்எஸ்ஐயைத் தற்காலிகக் கோப்புறையில் விரித்து வைக்கும். அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லையென்றால், கேள்வி எதுவும் கேட்காமல் நிறுவும் அமைதி முறை அந்தச் செட்டப்புக்கு உண்டா என்று பாருங்கள். இன்னோ செட்டப், என்எஸ்ஐஎஸ் போன்ற கருவிகளால் செய்த செட்டப் கோப்புகளுக்கு அது உண்டு. என்எஸ்ஐஎஸ் அமைதி முறைக்கான எஸ் எழுத்து பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் கொடுத்தால் செட்டப் திரையைத் திறந்துகொண்டு நிற்கும். இந்தக் கட்டளையைக் கணினித் தொடக்க ஸ்கிரிப்ட்டில் வைத்து, ஏற்கெனவே அதே பதிப்பு இருந்தால் எதுவும் செய்யாமல் வெளியேறும்படி எழுதுங்கள்.

நிறுவும் முன்பும் பின்பும் கணினியைப் படம்பிடித்து, வேறுபாட்டை எம்எஸ்ஐயாகக் கட்டும் கருவிகளும் இருக்கின்றன. எதுவும் நிறுவாத புதிய விண்டோஸில் செய்தால் மட்டுமே அது நம்பத்தக்கது. டிரைவர்கள் உள்ள மென்பொருளுக்கு அதை நாடாதீர்கள்.

நாங்களே டாட்நெட்டில் எழுதிய மென்பொருளுக்கு கிளிக்ஒன்ஸ் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். 2005இல் டாட்நெட் 2.0 உடன் வந்த இந்த முறையில், மென்பொருளைச் சர்வரில் வெளியிட்டுவிட்டால், ஊழியர் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு உண்டா என்று அது பார்த்துக்கொள்ளும். குறைந்தபட்சப் பதிப்பு எது என்று குறிப்பிட்டால், அதைவிடப் பழையதைத் திறக்கவே விடாது. பயனரின் சொந்தக் கோப்புறையில் நிறுவப்படுவதால் அட்மின் உரிமை வேண்டாம். அதே காரணத்தால் ஒரே கணினியை நான்கு பேர் பகிர்ந்தால் நான்கு நகல்கள் இருக்கும். விண்டோஸ் சர்வீஸோ டிரைவரோ இதன் வழியாக நிறுவ முடியாது. டாட்நெட் 5 முதல் புதிய டாட்நெட்டிலும் இதைப் பயன்படுத்தலாம். கையொப்பச் சான்றிதழ் காலாவதியாகும் நாளை மட்டும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஜாவாவில் இதற்கு இணையாக இருந்த வெப் ஸ்டார்ட் 2018இல் ஜாவா 11இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பியிருந்த அலுவலகங்கள் மாற்று வழி தேட வேண்டி வந்தது.

புதிய பதிப்புக்குத் தரவுத்தளத்திலும் மாற்றம் தேவை. எதை முதலில் மாற்றுவது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இந்த விடையைப் படியுங்கள். 40 கணினிகளும் ஒரே நொடியில் மாறப்போவதில்லை. சில மணி நேரமோ சில நாளோ பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே தரவுத்தளத்தை நோக்கி வேலை செய்யும். அந்த இடைக்காலத்தை ஏற்றுக்கொண்டு திட்டமிடாததே பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம்.

ஆகவே தரவுத்தள மாற்றத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் சேர்ப்பது மட்டும்: அட்டவணையில் புதிய பத்தியைச் சேருங்கள், அது காலியாக இருக்கலாம் என்று அனுமதியுங்கள் அல்லது இயல்பு மதிப்பு கொடுங்கள், பழைய பத்தியைத் தொடாதீர்கள். பழைய பதிப்பு இந்தச் சேர்க்கையை அறியாமலே ஓட வேண்டும். ஆனால் பத்திகளின் பெயரைக் குறிப்பிடாமல் வரிசையை நம்பித் தரவைச் செருகும் நிரல் இங்கே உடையும். அப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று முன்பே தேடிப் பாருங்கள். அதன்பின் கணினிகளில் புதிய பதிப்பை நிறுவுங்கள். ஒரு கணினிகூடப் பழைய பதிப்பில் இல்லை என்று உறுதியான பிறகு, இரண்டாம் கட்டமாகப் பழைய பத்தியை நீக்குங்கள். இரண்டு கட்டங்களுக்கும் இடையில் ஒரு மாதக் கணக்கு முடிப்பாவது நடந்திருக்க வேண்டும் என்பது என் வழக்கம். மாத இறுதியில் மட்டும் ஓடும் அறிக்கைகள் அப்போதுதான் தம் குறையைக் காட்டும்.

இதனுடன் ஒரு காவலும் வேண்டும். ஏற்கத்தக்க மிகப் பழைய பதிப்பு எது என்பதைத் தரவுத்தளத்தின் ஓர் அட்டவணையில் வைத்து, மென்பொருள் திறக்கும்போதே அதைப் படித்து, தான் அதைவிடப் பழையதென்றால் ஊழியருக்குப் புரியும் தமிழில் காரணத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். அந்த ஜிஎஸ்டி நாளில் இந்தக் காவல் இருந்திருந்தால், கவுண்டர் கணினி தவறான பில் போட்டிருக்காது, பில்லே போட்டிருக்காது.

எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாமா?

கூடாது. முதலில் உங்கள் கணினி, பிறகு ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர், பிறகு ஒரு பிரிவு முழுவதும், கடைசியில் மற்றவர்கள் என்று அலை அலையாக அனுப்புங்கள். முதல் அலைக்கு, பிழை வந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லும் இயல்புள்ளவர்களைத் தேர்ந்தெடுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. அன்று போனது மென்பொருளின் புதிய பதிப்பு அல்ல, அது படிக்கும் ஒரு தரவுக் கோப்பு. எனவே பதிப்பைத் தாமதமாக ஏற்கும்படி அமைத்திருந்த நிறுவனங்களையும் அது அடைந்தது. உங்கள் மென்பொருளின் அமைப்புக் கோப்பையும் அறிக்கை வடிவங்களையும்கூட அலை அலையாகவே அனுப்ப வேண்டும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

கிளை அலுவலகத்தின் இணைப்பு மெதுவானது. அங்கே என்ன செய்வது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 எம்பி தொகுப்பை 40 கணினிகள் தனித்தனியே இழுத்தால் 12,000 எம்பி. நொடிக்கு 20 மெகாபிட் இணைப்பை முழுவதும் அடைத்துக்கொண்டாலும் 80 நிமிடம் ஆகும். அதுவும் காலையில் எல்லோரும் கணினியைத் திறக்கும் நேரத்தில். கிளையில் ஒரு சிறிய கோப்புச் சர்வர் வைத்து, தொகுப்பை இரவிலேயே ஒரே ஒரு முறை அங்கே நகலெடுத்துவிடுங்கள். பல சர்வர்களின் கோப்புறைகளை ஒரே பாதையில் காட்டும் டிஎஃப்எஸ் வசதியைப் பயன்படுத்தினால் கொள்கையில் பாதை ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொரு கணினியும் தனக்கு அருகிலுள்ள சர்வருக்கு அனுப்பப்படும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் லேப்டாப்களுக்கு?

கணினி தொடங்கும்போது டொமைன் எட்டாததால் குரூப் பாலிசி நிறுவல் அவற்றுக்கு உதவாது. வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் பெரும்பாலும் உள்நுழைந்த பிறகுதான் இணைகிறது. இன்ட்யூன் போன்ற இணையவழி நிர்வாகச் சேவையோ, கிளிக்ஒன்ஸோ, ரிமோட் டெஸ்க்டாப்போ தேவை.

பழைய மென்பொருள் அட்மின் உரிமை இல்லாமல் ஓட மறுக்கிறது. ஊழியர்களுக்கு அட்மின் உரிமை கொடுத்துவிடலாமா?

வேண்டாம். அந்த மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலோ ரெஜிஸ்ட்ரியின் பொதுப் பகுதியிலோ எழுத முயல்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். பிராசஸ் மானிட்டர் என்ற இலவசக் கருவியை ஓட்டினால் எங்கே அனுமதி மறுக்கப்படுகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். விஸ்டா முதல், இப்படி எழுத முயலும் பழைய 32 பிட் மென்பொருளை விண்டோஸ் சில நேரங்களில் ஓசையின்றிப் பயனரின் சொந்த வர்ச்சுவல் ஸ்டோர் கோப்புறைக்குத் திருப்பிவிடும். அமைப்புக் கோப்பை மாற்றிவிட்டேன், ஆனாலும் ஒருவருக்கு மட்டும் பழைய சர்வர் பெயரே வருகிறது என்ற புதிருக்கு விடை அங்கேதான் கிடக்கும்.

எம்எஸ்ஐ எதுவானாலும் உயர்ந்த உரிமையுடன் நிறுவ அனுமதிக்கும் ஒரு கொள்கையும் விண்டோஸில் உண்டு. அதை இயக்குவது எல்லோரையும் அட்மின் ஆக்குவதற்குச் சமம்.

தமிழ் அறிக்கைகள் சில கணினிகளில் மட்டும் கலைந்து வருகின்றன. ஏன்?

எழுத்துருவும் மென்பொருளின் ஒரு பகுதி என்பதை மறந்துவிடுகிறோம். விண்டோஸ் 2000 முதல் கூடவே வந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10இல் விருப்பப்பட்டால் சேர்க்கும் தமிழ்த் துணை எழுத்துருத் தொகுதிக்குப் போய்விட்டது. லதாவை வைத்து அகலம் கணக்கிட்டு அமைத்த சம்பளச் சீட்டு, புதிய கணினியில் நிர்மலா எழுத்துருவில் அச்சாகும்போது வரிகள் மடங்கும், தொகைகள் பத்தியை விட்டு விலகும். அறிக்கை எந்த எழுத்துருவை நம்புகிறதோ அதை நிறுவும் கட்டளையையும் அதே கொள்கையில் சேருங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் சேமித்த பெயர்கள் இன்னும் தரவில் இருந்தால், அவற்றை மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகவே தெரியும்.

மையச் சர்வரையே யாராவது கைப்பற்றிவிட்டால்?

அப்போது எல்லாக் கணினிகளும் அவர்கள் கையில். உக்ரைனில் வரிக் கணக்குத் தாக்கலுக்குப் பரவலாகப் பயன்பட்ட எம்.இ.டாக் என்ற மேசை மென்பொருளின் புதுப்பிப்பு வழியை ஊடுருவியவர்கள், 2017 ஜூன் 27 அன்று அதன் வழியாகவே நாட்பெட்யா என்ற அழிவு நிரலைப் பரப்பினார்கள். அது மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் வரை பாய்ந்தது. ஆகவே நிறுவல் கோப்புறையில் எழுதும் உரிமை ஓரிருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும்; அவர்களும் தினசரி வேலைக் கணக்கில் அதைச் செய்யக் கூடாது. தொகுப்புகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லைத் தொகுப்பிலோ ஸ்கிரிப்ட்டிலோ வைக்காதீர்கள். அவற்றை எல்லாக் கணினிகளும் படிக்க முடியும். குரூப் பாலிசியின் ஒரு பகுதியான பிரிஃபரன்ஸில் கடவுச்சொல் சேமிக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2014 மே மாதத்தில் மூடியது. ஆனால் அதற்குமுன் சேமித்தவற்றை அந்தத் திருத்தம் அழிக்கவில்லை. பழைய டொமைன்களில் அவை இன்னும் கிடக்கலாம், தேடி நீக்குங்கள்.

புதிய பதிப்பில் பிழை. பழையதற்கு எப்படித் திரும்புவது?

எம்எஸ்ஐ இயல்பாகப் பின்னோக்கிப் போகாது. ஒழுங்காகச் செய்த தொகுப்பு, தன்னைவிடப் புதியது கணினியில் இருந்தால் நிறுவ மறுக்கும். எனவே பழைய நிரலையே அடுத்த பதிப்பு எண்ணுடன் மறுபடி தொகுத்து அனுப்புவதுதான் எளிய வழி, 4.2.0இல் பிழையென்றால் 4.1இன் நிரலை 4.2.1 என்று அனுப்புங்கள். பதிப்பு எண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒப்பிடும் என்பதால், நான்காவது எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஏன் புதுப்பிக்கவில்லை என்று தேடாதீர்கள். தரவுத்தளத்தில் சேர்ப்பது மட்டுமே நடந்திருந்தால் இந்தத் திரும்புதல் பாதுகாப்பானது. பத்தியை நீக்கியிருந்தால் திரும்ப வழியில்லை.

எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு என்பதை எப்படி அறிவது?

கணினியின் விவரங்களை விண்டோஸிடம் கேட்டறியும் டபிள்யூஎம்ஐ வசதியில், வின்32 புராடக்ட் என்ற வினவலை இணையத்தில் பலர் பரிந்துரைப்பார்கள். அதை ஓட்டினால் விண்டோஸ் ஒவ்வொரு எம்எஸ்ஐ நிறுவலையும் சரிபார்க்கத் தொடங்கி, சிலவற்றைப் பழுதுபார்க்கவும் செய்யும். வேலை நேரத்தில் அதைத் தொடாதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் உள்ள நீக்கல் பட்டியலை 32 பிட், 64 பிட் என இரண்டு இடங்களிலும் படிப்பது பாதுகாப்பானது.

சொந்த மென்பொருளாக இருந்தால், ஒவ்வொரு உள்நுழைவின்போதும் கணினியின் பெயர், பதிப்பு எண், தேதி ஆகிய மூன்றையும் ஓர் அட்டவணையில் எழுதச் செய்யுங்கள். திங்கள்தோறும் அந்த அட்டவணையை ஆக்டிவ் டைரக்டரியின் கணினிப் பட்டியலுடன் ஒப்பிடுங்கள். பழைய பதிப்பு எண்ணுடன் தெரியும் கணினிகளை அன்றே ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பட்டியலில் இருந்தும் அட்டவணைக்கு வராதவை அணைந்து கிடக்கும் கணினிகள். அவற்றைத் திறக்கும் நாளில் நீங்கள் அருகில் இருக்க வேண்டும்.